கறுப்புக் காரில் வடவள்ளிப் புழுதி

ஏப்ரல் 27, ஞாயிறு

இனி யாரும் ஹோஸ் போட்டுக் கார் கழுவக் கூடாதாம். லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார் எங்கள் குடியிருப்புச் செயலாளர் ஆறுக்குட்டி. தண்ணீர்ப் பஞ்சமாம். அவர் வீட்டு பால்கனியில் மட்டும் ரோஜாத் தொட்டிகள் வரிசையாக மினுமினுவென்று நிற்கின்றன. அவை காற்றைக் குடித்து வளர்கின்றன போலிருக்கிறது.

போகட்டும். எனக்கு ஹோஸ் தேவையில்லை. கார் கழுவுவது எந்த மடையனாலும் முடியும். இரண்டு கழுவலுக்கு நடுவே ஒரு கீறல் விழாமல் வைத்திருப்பதுதான் வேலை. அதுவும் கறுப்புக் கார். அதுவும் வடவள்ளியில், பைப் பதிக்கிறேன் என்று தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிற இந்தக் கோடையில்.

ஜூன் முதல் தேதி தாராபுரத்தில் கல்யாணம். என் மனைவி வசந்தாமணியின் தம்பி தங்கமுத்துவின் மகனுக்கு. கோயிலில் தாலி கட்டியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்கு என் காரில்தான் வருகிறார்கள். ஓட்டுவது நான். "மாமா, உங்க காரைத் தவிர வேற வண்டில ஏத்த மாட்டேன்" என்று தங்கமுத்து போன வருடமே சொல்லிவிட்டான். அவனுக்கு வேறெதிலும் ரசனை கிடையாது, இதில் இருக்கிறது.

வீட்டில் ஒரு முணுமுணுப்பு. மாசியில் ஒரு நாள் பாத்ரூமில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பித்தம். அதற்கு ஒரு டாக்டர், என் சட்டைகளில் சிலவற்றைவிட வயதில் சின்னவர், ஸ்கேன் எடுத்துக் கண்ணையும் சோதித்த பிறகுதான் வண்டி ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கண்ணைச் சோதிக்கிறாராம். மில்லில் காலம் முழுக்கத் துணி சோதித்தவன் நான். ஓடுகிற துணியில் ஒரு இழை அறுந்திருந்தால் கையைத் தூக்கி மிஷினை நிறுத்துவேன். இந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். சீட்டை மடித்து டாஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன். கண்ணாடி துடைத்த கையைத் துடைக்க ஆகும்.

ஏப்ரல் 30, புதன்

பார்க்கிங்கில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது.

பக்கத்து இடத்துக்காரன் அபினேஷ். சாஃப்ட்வேர். திருப்பூர் பனியன் கழிவுத் துணியை ஒரு பந்து எடுத்து, புழுதி படிந்த வண்டியில் வறட்டு வறட்டென்று வட்டம் போட்டுத் தேய்க்கிறான். புழுதி என்பது மணல். மணலை வைத்துத் தேய்த்தால் அதற்குப் பெயர் துடைப்பதா? உப்புக் காகிதத்தாலேயே தேய்த்துவிடலாமே தம்பி, துணி மிச்சம். அந்தக் கழிவுத் துணியில் தையல் விளிம்பு வேறு. வெயிலில் பார்த்தால் அவன் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். வெள்ளைக் கார் என்பதால் மானம் தப்பியது.

மூன்றாம் மாடிக்காரர் புழுதியின் மேலேயே உறையைப் போட்டு மூடுகிறார். காற்றடிக்கும்போதெல்லாம் உறை ஆடி, அது பாட்டுக்குத் தேய்க்கிறது. அவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார். இன்னொரு புண்ணியவான் வெள்ளிக்கிழமை தோறும் பானெட்டில் விபூதியைக் குழைக்காமல் மூன்று பட்டை இழுக்கிறார். குத்துவிளக்கைப் பளபளப்பாக்க நம் வீட்டுப் பெண்கள் எதை வைத்துத் தேய்த்தார்கள் என்று அவருக்கு யாராவது சொல்லுங்கள்.

என் முறை இதுதான். நிழலில், எஞ்சின் ஆறின பிறகு. முதலில் சருகு, பூ எல்லாம் கையால் எடுக்க வேண்டும், தள்ளக் கூடாது. பிறகு வாஷ் திரவம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொரு பகுதியாக நனைய நனையத் தெளித்து, மண் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். குருவி எச்சம் என்றால் ஈரத் துணியை அதன்மேல் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். அப்புறம் பஞ்சு போன்ற துணியை நாலாக மடித்து, அழுத்தாமல், நேர்கோட்டில், மேலிருந்து கீழே. ஒரு முகம் அழுக்கானால் மறுமுகம். கீழ்ப்பகுதிக்கு வேறு துணி. இவ்வளவுதான். இதற்குப் பொறுமை வேண்டும். அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்.

மே 3, சனி

ஒரு விசித்திரம். காலையில் துடைத்து முடித்துத் துணியை அலசிப் போட்டுவிட்டு, பால் வாங்கிக்கொண்டு கேட் பக்கமாகத் திரும்பி வந்தேன். பானெட்டில் பாதி பளபள. மீதிப் பாதியில் புழுதி அப்படியே. கத்தரித்ததுபோல் நடுவில் ஒரு கோடு.

துடைக்கும்போது அந்தப் புழுதி இல்லை. சத்தியமாக இல்லை. மறுபடியும் துடைத்தேன்.

மே 6, செவ்வாய்

மறுபடியும். இந்த முறை கதவுகளிலும். ஓட்டுநர் பக்கம் பின் கதவு, அந்தப் பக்கம் முன் கதவு. ஒரே இடத்தில் போட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்று இடம் மாற்றி மாற்றிப் போடுகிறான். எவனோ வேலை மெனக்கெட்டு என் காருக்கு மண் அபிஷேகம் செய்கிறான்.

இந்த வருட டைரியை அச்சடித்தவன் காகிதத்தில் கஞ்சன். வரி தொடங்கியதுமே முடிந்துவிடுகிறது.

மே 9, வெள்ளி

யார் என்று எனக்குத் தெரியும். அபினேஷ்தான். போன மாதம் அவன் துடைக்கிற லட்சணத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னேன். "ஓகே அங்கிள்" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனான். அந்தக் காட்டம்.

இன்று அவனே வந்து, "அங்கிள், உங்க வண்டிய கொஞ்சம் நேரா விட முடியுமா? ஒரு வாரமா என் கோட்டைத் தாண்டி நிக்குது, எனக்குக் கதவு திறக்க முடியல" என்கிறான். நான் கோட்டைத் தாண்டுகிறேனாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "முதல்ல கார் துடைக்கக் கத்துக்க, அப்புறம் கோடு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. வசந்தாமணி இலை போட்டுப் பரிமாறினாள். பருப்பு, பாயசம் எல்லாம் சரி. உப்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை, பச்சடியும் இல்லை. இத்தனை வருடம் சமைத்தவளுக்கு இது தெரியாதா?

"இலைல உப்பு வெக்கோணும்ங்கிற வழக்கத்த விட்டாச்சா?" என்றேன்.

"வெச்சிருக்கறனுங்க."

"எங்க வெச்சிருக்க? மனசுலயா?"

கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு குனிந்து என் இலையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை வலப்பக்கம் கொண்டுவந்தாள். உப்பு, ஊறுகாய், பச்சடி எல்லாம் இருந்தன. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டு, முன்பே வைத்தேன் என்று சாதிக்கிறாள். இலையை இப்படித் திருப்பிப் போட்டால் எங்கள் ஊரில் சண்டையே வரும்.

"ஏனுங்க, அந்த டாக்டர் சொன்ன ஸ்கேன் எடுத்துப் போடலாமுங்க. எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

உப்பு வைக்க மறந்தது அவள், ஸ்கேன் எனக்கு. சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அவள் அதன்பிறகு சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

மே 15, வியாழன்

சாயங்கால நடையில் இப்போதெல்லாம் வசந்தாமணி என் இடப்பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. இந்த வயதில் புதுப்பெண் மாதிரி. பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா.

புழுதிக்காரன் தொடர்கிறான். டிக்கியில் பாதி.

மே 18, ஞாயிறு

டயருக்குக் காற்றுப் பிடிக்கவும் எண்ணெய் போடவும் காரை எடுத்தேன். வசந்தாமணி தானும் வருவேன் என்று கிளம்பி முன் சீட்டில் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்னால் உட்கார்ந்து தூங்குகிறவள்.

மருதமலை ரோட்டில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று இவள் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அலறி ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிட்டாள். ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பது. இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா? பிரேக் போட்டேன். பார்த்தால் ஒரு ஸ்கூட்டர். ஒரு பெண், பின்னால் பள்ளிக்கூட வயதில் ஒரு பிள்ளை. எங்கிருந்து முளைத்தார்கள் என்றே தெரியவில்லை. என் இடப்பக்கக் கண்ணாடி அவள் கைப்பிடியில் தட்டி மடங்கிவிட்டது.

"கண்ணு தெரியலீங்களா? இவ்ளோ நேரம் ஹாரன் அடிச்சிட்டே கூடவே வர்றேன்" என்றாள் அந்தப் பெண். வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தால் இப்படித்தான். கண்ணு தெரியலீங்களாவாம். என்னைப் பார்த்து.

வசந்தாமணி இறங்கிப் போய் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவி ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். கண்ணாடி விளிம்பில் நகக்கண் அளவு பெயின்ட் போய்விட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

மே 19, திங்கள்

"தாராபுரத்துக்கு ஆக்டிங் டிரைவர் வெச்சுக்கலாமுங்க" என்கிறாள். பெங்களூரிலிருந்து மகள் சுபாஷிணியும் போன் போட்டு அதையே பாடுகிறாள். இரண்டு பேரும் சேர்ந்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆக்டிங் டிரைவர் என்றால் நடிக்கிறவன் அல்ல, கூலிக்கு ஒருநாள் ஓட்டுகிறவன். அவன் தோளில் ஒரு மஞ்சள் துணி தொங்கும். வண்டி நின்ற இடத்திலெல்லாம் அதை உதறி வறட்டு வறட்டென்று தேய்ப்பான். என் பிணத்தின் மேல் ஏறித்தான் அவன் அந்த சீட்டில் உட்கார வேண்டும்.

மே 22, வியாழன்

நேருக்கு நேர் கேட்டுவிட்டேன்.

"எதுக்கு தம்பி தினமும் என் வண்டில மண்ணு போடற?"

அபினேஷ் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு, "அங்கிள், நான் எதுக்கு உங்க வண்டில மண்ணு போடணும்? எனக்கு ஆபீசுக்குப் போகவே நேரமில்ல" என்றான்.

"பாதிப் பாதியா போடறியே, அதுல என்ன சந்தோசம் உனக்கு?"

அவன் காரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. "தூணுல கேமரா இருக்குது அங்கிள். செயலாளர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றான். குற்றவாளியே போலீசுக்கு வழி சொல்கிறான். துணிச்சல்தான்.

மே 24, சனி

காலையில் துடைத்துவிட்டு, பால் வாங்கி வந்து, புழுதியைப் பார்த்துவிட்டு, நேராக ஆறுக்குட்டியின் வீட்டுக்குப் போனேன். இன்று விடுவதாக இல்லை.

"நான் துடைச்சுட்டுப் போனதுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவுல யாரு வந்தான்னு போடுங்க" என்றேன். ஆறுக்குட்டி கம்ப்யூட்டரில் தேடினார். மோட்டார் பம்ப் விற்கிறவருக்கு அதெல்லாம் லேசில் வராது. அதற்குள் அவர் சம்சாரம் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்து டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தால் திரையில் என் கார். பக்கத்தில் ஒரு ஆள்.

மேலிருந்து, முதுகுப் பக்கமாக எடுத்த படம். மெலிந்த ஆள். தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. கையில் என்னுடையதுபோலவே ஒரு பாட்டில், நாலாக மடித்த துணி. எங்கிருந்தோ பார்த்து என் முறையையே காப்பி அடித்திருக்கிறான். தெளித்தான். காத்திருந்தான். நேர்கோட்டில் இழுத்தான். கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பானெட்டின் ஒரு பாதியோடு நிறுத்திக்கொண்டான். மீதியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியோடு, கதவுப் பக்கம் போனான். அங்கேயும் பாதி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாருங்க இவன் லட்சணத்த" என்றேன். "பாதியத் தொடைக்கறான், பாதிய விடறான். நல்ல குருட்டுப் பயலா இருப்பானாட்ட இருக்குது. யாருங்க இது, மூணாவது மாடியா?"

ஆறுக்குட்டி படத்தை நிறுத்தினார். அவர் சம்சாரம் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போய்விட்டார்.

"யாருன்னு கேக்கறனல்ல?"

"சார்" என்றார் ஆறுக்குட்டி. "அது நீங்கதானுங்க."

"நான் துடைச்சது முன்னாடி. இது அதுக்கப்புறம். நேரம் எங்க போட்டிருக்குது இதுல?"

"மேல இருக்குதுங்க. இடதுபக்கம்."

தலையைத் திருப்பினேன். இருந்தது. நான் துடைத்த நேரம்.

மறுபடி போடச் சொன்னேன். அந்த ஆள் மறுபடி பாட்டிலோடு வந்தான். இப்போது லுங்கியைப் பார்த்தேன், போன தீபாவளிக்கு வசந்தாமணி எடுத்துக் கொடுத்தது. அவன் பாதி பானெட்டைத் துடைத்தான். மீதிப் பாதி அவனுக்கு எதிரேதான் இருந்தது, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் நடந்து போனான். கத்த வேண்டும்போல் இருந்தது, அங்கே பாருடா என்று.

புழுதியைப் பற்றி நினைக்கவில்லை. அந்த ஸ்கூட்டர் எங்கிருந்தும் முளைக்கவில்லை. அது கூடவே வந்துகொண்டிருந்தது, ஹாரன் அடித்துக்கொண்டு. அந்தப் பிள்ளை என்னிடமிருந்து கை நீட்டுகிற தூரத்தில்தான் இருந்திருக்கும்.

ஆறுக்குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்றார். அவரை நான் இந்த டைரியில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், அந்த ரோஜாவுக்கு ஊற்றுகிற தண்ணீர் அதிகம்தான்.

வீட்டுக்கு வந்து சாவியை வசந்தாமணியிடம் நீட்டினேன். எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பௌர்ணமி அன்னைக்கே. இலையத் திருப்பினப்ப."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க. நீங்க உப்பப் பத்திப் பேசிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

பயமாக இருக்கிறது என்றேன். கல்யாணம் ஆன நாளாக இவளிடம் இந்த வார்த்தையைச் சொன்னதாக ஞாபகம் இல்லை. "எனக்கும்தானுங்க" என்றாள்.

மே 25, ஞாயிறு

துடைக்கவில்லை.

மே 27, செவ்வாய்

ஸ்கேன். அந்தச் சின்ன வயது டாக்டர்தான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம், முதல் தரமாக இருக்கிறதாம். மாசியில் வந்தது பித்தம் அல்ல. மூளையில் பார்வைக்கு உரிய இடத்தில் ரத்தம் போகாமல் ஒரு பகுதி பட்டுப்போயிருக்கிறது. இரண்டு கண்ணிலும் இடப்பாதி கிடையாது. கறுப்பாகத் தெரிந்தாலாவது சந்தேகப்பட்டிருப்பேனே என்றேன். "அதுதான் சார் இதுல சிக்கல். இல்லாத பாதி இல்லைன்னே தெரியாது" என்றார். மாசியிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் வசந்தாமணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த அளவுக்குப் பண்பு இருக்கிறது.

திரும்பி வருமா என்று கேட்டேன். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாமாம். அதுவரை மாத்திரை. எதைப் பார்த்தாலும் தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழக வேண்டுமாம். வண்டி ஓட்டக் கூடாது. இந்த முறை எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

தாராபுரம். ஆக்டிங் டிரைவர் பெயர் ஜெயசீலன். தோளில் மஞ்சள் துணி இருந்தது, நான் சொன்னேனே. அதை வாங்கி டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டேன். வழியெல்லாம் எனக்கு எரிச்சல். கியரைத் தடவித் தடவிப் போடுகிறான். வளைவில் தேவையில்லாமல் ஹாரன். இடப்பக்கம் மட்டும் நன்றாகப் பார்த்து ஓட்டினான், அதை மறுக்க முடியாது.

கோயில் வாசலில் நானே துடைத்தேன். ஜோடனைக்காரன் பானெட்டில் டேப் ஒட்ட வந்தான், அவனை வைத வசவில் பூவை நூலில் கோத்துக் கண்ணாடி ஓரமாகக் கட்டிவிட்டு ஓடிவிட்டான். ஒவ்வொரு கோட்டுக்கும் தலையை இடப்பக்கம் திருப்பி, விளிம்பு எங்கே என்று பார்த்து, அங்கிருந்து இழுத்தேன். கழுத்து வலிக்கிறது. நேரம் இரண்டு பங்கு ஆனது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஏதோ ஒரு கிழவன் கோழி மாதிரித் தலையை ஆட்டுகிறான் என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றபோது இரண்டு பேர் முகமும் கதவில் முழுசாகத் தெரிந்தது.

"மாமா, நீங்க ஓட்டலீங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"எனக்குப் பாதி ரோடுதான் தெரியுது. உனக்கு முழு ரோடும் தெரியற ஆளு வேணும். ஏறு" என்றேன். தங்கமுத்து விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். யாரும் திருத்தவில்லை.

கார் கிளம்பியது. அடைத்துக்கொண்டு நின்ற கூட்டம் வழி விட, ரோட்டில் ஏறி இடப்பக்கம் திரும்பியது. அடுத்த நொடி இல்லை. ரோடு இருந்தது, புளியமரம் இருந்தது, கார் மட்டும் இல்லை. பக்கத்தில் வசந்தாமணி இன்னும் கையசைத்துக்கொண்டே இருந்தாள். அவள் என் தாடையைத் தொட்டு மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள்.

அங்கேதான் இருந்தது. வெயிலில் கறுப்பாக, போய்க்கொண்டிருந்தது.